மூணு வேணாம்

காபி வேணாம்னு சொல்லாதீங்க டாக்டர் சார். சொன்னாலும் வரும். இந்த வீட்டுல முதல் தடவை சொல்ற வேணாமை யாரும் காதுல வாங்குறதில்ல. உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இப்பிடி வாங்க. விருமாயி, மாட்டு டாக்டரு வந்திருக்காரு, ரெண்டு காபி போடு. மாட்டு டாக்டருன்னு சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க சார், ஊரே அப்பிடித்தான் சொல்லுது. ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் யாரு வீட்டு மாடு ஈனலேன்னாலும் செருப்பைக்கூட மாட்டாம ஓடுறீங்களே. எங்க செவலைக்கு நீங்கதான கைய விட்டுக் கன்னை எடுத்தீங்க. அந்தக் கன்னு பசுவாகி, அதுவே ரெண்டு ஈத்து ஈனிருச்சு. இப்ப வரப்போற காபி அந்தப் பாலுதான். அதை வேணாம்பீங்களா?

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பேரூராட்சித் தலைவர் எலெக்‌ஷன் வருது. நம்ம வெள்ளக்கரட்டுல நம்ம கட்சி யாரை நிறுத்துதோ அவருதான் ஜெயிப்பாரு, மத்தக் கட்சிக்காரங்க நிக்கிறதெல்லாம் போஸ்டர்ல போட்டோ வர்றதுக்கு. இப்ப தலைவரா இருக்கிற ரைஸ்மில் சுருளிச்சாமி, ஒரு தடவை போதும்னு ஒதுங்கிட்டாரு. அடுத்த ஆளு யாருன்னு முடிவாகணும். தலைமைக்குப் போற பேரு என் கையெழுத்தோடதான் போகணும். ஏன்னா பேரூர்ச் செயலாளர் நான். இருபத்தெட்டு வருஷமா நான். அதனால சுருளி உங்களை எங்கிட்ட அனுப்பிச்சிருக்காரு. என்ன சொல்லி அனுப்புனாரு? போங்க, காபியக் குடிங்க, வாயை மட்டும் கொடுக்காதீங்கன்னா? சிரிக்கிறீங்க. சொல்லிருப்பாரு, சொல்லிருப்பாரு.

காயிதத்தைக் கொண்டாங்க பாப்போம். அடேயப்பா, டைப் அடிச்சே கொண்டாந்துட்டீங்களா. மேட்டுத்தெருவுக்குத் தண்ணித் தொட்டி, பஸ் ஸ்டாண்டு பக்கம் பொம்பளைங்களுக்குக் கக்கூசு, சந்தையில கசாப்புக் கடைக்குத் தனி இடம்... நல்லாத்தான் எழுதிருக்கீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நாங்க ஆள் எடுத்தப்ப இதெல்லாம் யாரும் கேட்டதில்ல.

இந்த ஊருக்குத் தலைவரா இருந்தவங்க ஏழு பேரு. ஆபீஸ்ல தலைவர் ரூம்ல தேக்குப் பலகை மாட்டிருக்கு, பாத்திருப்பீங்க. மஞ்ச பெயின்ட்ல ஏழு பேரு வரிசையா எழுதிருக்கும். அதுல நாலு பேரைத் தேர்ந்தெடுத்தது நான். எங்க வச்சுத் தேர்ந்தெடுத்தேன்? என் உரக்கடை பின்ரூம்ல, யூரியா மூட்டை மேல உக்காந்து. நான், மைக்செட் பெத்தணன், இன்னும் ரெண்டு பேரு. அந்த ரெண்டு பேரும் இப்ப இல்ல, ஒருத்தர் செத்துப்போனாரு, ஒருத்தர் கட்சி மாறிட்டாரு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். பேருக்குக் கல்யாண மண்டபத்துல கூட்டம் நடக்கும், எரநூறு பேரு வருவாங்க, கை தூக்குவாங்க, எல்லாம் நடக்கும். ஆனா முடிவு முதல் நாளே மூட்டை மேல ஆயிரும். யூரியா வாடை அடிக்காத தலைவரே இந்த ஊருல கிடையாது.

எப்பிடி எடுத்தோம்னு கேளுங்க. முதல் ஆளு, வேன் வச்சிருந்தாரு. கூட்டத்துக்கு ஆள் ஏத்த வேன் வேணுமில்ல, எடுத்தோம். ரெண்டாவது ஆளு, ரெண்டு கோஷ்டிக்கும் பிடிக்காதவரு. ரெண்டு பேருக்கும் பிடிக்காதவரைப் போட்டா சண்டை வராது பாருங்க. மூணாவது ஆளு... மூணாவது ஆளை ஏன் எடுத்தோம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஞாபகம் வரல. நாலாவது கண்ணாயிரம். அவரு நான் என்ன சொன்னாலும் சிரிப்பாரு. அஞ்சு வருஷத்துல ஒரு வார்த்தை என் பேச்சைத் தட்டல மனுசன். நாலு நாளைக்கு ஒரு தடவைதான் ஊருக்குத் தண்ணி வந்துச்சு, அது வேற விஷயம்.

இப்ப நான் சொல்லப்போறதுதான் முக்கியம். நம்ம கட்சியில, அதாவது நம்ம ஊருல, எனக்குப் பதவி வேணும்னு யாரும் கேக்கக்கூடாது. கேட்டா அவன் பதவி ஆசை பிடிச்சவன். அவன் கதை அன்னையோட முடிஞ்சது. வேற ஆளு எந்திரிச்சு நம்ம பேரைச் சொல்லணும். சொன்னவுடனே நாம எந்திரிச்சுக் கும்பிட்டு, வேணாங்கணும். இது முதல் வேணாம். எனக்கெதுக்குங்க, எத்தனையோ பெரியவங்க இருக்காங்கன்னு சொல்லணும். உடனே கூட்டத்துல ஒருத்தர், அண்ணன்தான் நிக்கணும்னு சத்தம் போடணும். அப்ப ரெண்டாவது வேணாம். உடம்புக்கு முடியல, சுகர் இருக்குங்கணும். மறுபடியும் சத்தம். மூணாவது வேணாம், வீட்டுல ஒரு வார்த்தை கேக்கணுமேங்கணும். வீட்டுல கேக்கணும்னு சொல்லிட்டாலே சம்மதம்னு அர்த்தம். மாலையப் போட்டுருவாங்க. வீட்டுல யாரு போயிக் கேக்குறா? விருமாயிகிட்ட நான் எதைக் கேட்டிருக்கேன்?

இந்த முறையை உண்டாக்குனது நான்தான் சார். அதை நெனச்சா இப்ப எனக்கே சிரிப்பா வருது. யாரு எந்த வரிசையில உக்காந்து எப்ப சத்தம் போடணும்னு முதல் நாளே பிரிச்சுக் குடுத்துருவேன். ஒரு தடவை ஒருத்தன் முந்திக்கிட்டு, ஆளு வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடியே அண்ணன்தான் நிக்கணும்னு கத்திட்டான். அன்னைக்கு அவனை நான் பேசுன பேச்சு இருக்கே.

பத்து வருஷத்துக்கு முன்னாடி, கண்ணாயிரத்தை மூட்டை மேல முடிவு பண்ணிட்டு மண்டபத்துக்குப் போறோம். பாத்தா அங்க காத்து வேற பக்கம் அடிக்குது. அந்தக் கோடையில ஊருல கிணறெல்லாம் வத்திப்போயி, சுருளிச்சாமி அவரு மில்லு போர்ல இருந்து தெருத்தெருவா டியூப் போட்டுத் தண்ணி விட்டிருந்தாரு. பொம்பளைங்களெல்லாம் முன்வரிசையில வந்து உக்காந்திருக்காங்க. நாங்க ஏற்பாடு பண்ணாத ஆளுக. ஒரு அம்மா எந்திரிச்சு, மில்லுக்காரரு நிக்கட்டும்னுச்சு. மண்டபமே அதிருது கைதட்டு.

சுருளி எந்திரிச்சாரு. முறை தெரிஞ்ச மனுசனாச்சே, கும்பிட்டாரு. எனக்கெதுக்குங்க, பெரியவங்க இருக்காங்கன்னாரு. முதல் வேணாம். எல்லாரும் மூச்சை இழுத்துக்கிட்டுச் சத்தம் போட வாயைத் தெறக்குறதுக்குள்ள, நான் மேடைக்குத் தாவிட்டேன் சார். என்ன பெருந்தன்மை, என்ன தியாகம், பதவிய வேணாம்னு சொல்ற மனசு யாருக்கு வரும்னு மைக்கைப் பிடிச்சுச் சொல்லி, கண்ணாயிரத்துக்குப் போடக் கொண்டு போயிருந்த பச்சைச் சால்வையைச் சுருளி தோள்ல போட்டுக் கை தட்டிட்டேன். நான் தட்டுனா பெத்தணன் தட்டுவான், பெத்தணன் தட்டுனா மண்டபமே தட்டும். சால்வை போட்டாச்சுன்னா முடிஞ்சது. அந்த மனுசன் கும்பிட்ட கைய எறக்கல, அப்பிடியே நிக்கிறாரு. அவரு மூஞ்சி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. சிரிச்ச மாதிரி இருந்துச்சு, சிரிப்பு இல்ல.

அன்னையில இருந்து போஸ்டர்ல எல்லாம் அவருக்குத் தியாகச் செம்மல்னு நானே பட்டம் போட்டேன். அவருக்கு மரியாதை செஞ்சிட்டேன்னுதான் சார் நெனச்சேன். சத்தியமா.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதை விருமாயிகிட்ட பெருமையாச் சொல்றேன். அவ அரிசி பொடைச்சுக்கிட்டே கேட்டா. "ஏங்க, உங்களுக்கும் அந்த ஆசை இருக்குல்ல? வேணும்னா வேணும்னு சொல்ல வேண்டியதுதான?"ன்னா. உனக்கு அரசியல் தெரியாதுன்னுட்டேன். தெரியாதுதான். தெரிஞ்ச நான் என்ன ஆனேன்னு கேளுங்க.

அஞ்சு வருஷம் கழிச்சு என் முறை. எனக்கும் வயசாகுது, மத்தவனை உக்கார வச்சு உக்கார வச்சு இடுப்பு ஒடஞ்சது, இந்தத் தடவை நாமளே உக்காரலாம்னு மூட்டை மேல முடிவு பண்ணினோம். பேரைச் சொல்ல ஆளு வச்சாச்சு. முதல் சத்தம் பெத்தணன், ரெண்டாவது சத்தம் இன்னொருத்தர், மூணாவது மகளிரணி. ஜெயிச்ச மாதிரியே நெனச்சு மண்டபத்துல எரநூறு பேருக்குக் கேசரி சொல்லிட்டேன். நெய் தாராளமாப் போடச் சொல்லி நானே நின்னேன். பத்து நாளு கண்ணாடி முன்னாடி நின்னு மூணு வேணாமையும் சொல்லிப் பழகினேன் சார். சிரிக்காதீங்க. மூணாவதுக்குக் கண்ணுல தண்ணி வரணும்னு ரொம்பப் பாடுபட்டேன். கடைசியில முதல் வேணாமுக்கே வந்துருச்சு.

அந்தத் தடவை தலைமையில இருந்து பார்வையாளரா ஒரு வக்கீலம்மாவை அனுப்பிச்சிருந்தாங்க. சின்ன வயசு, கோயம்புத்தூர்ப் பக்கம். கையில ஒரு அச்சடிச்ச காயிதம். பேரு, வயசு, விருப்பம் உண்டா இல்லையா, அவ்வளவுதான் அதுல. முதல் நாளு அந்தம்மாவைக் கூப்பிட்டு நம்ம ஊரு வழக்கத்தைச் சொல்லிருக்கணும். விருந்து வச்சேன், நாட்டுக்கோழி போட்டேன், இதைச் சொல்ல மறந்துட்டேன். மறந்துட்டேன்னு கூட இல்ல. இதைப் போயி வெளிய சொல்லுவாங்களா யாராச்சும்?

என் பேரைச் சொன்னாங்க. எந்திரிச்சேன். கும்பிட்டேன். "எனக்கெதுக்குங்க பதவி, நான் உங்க வீட்டு வேலைக்காரன்"னேன். எனக்கே என் மேல அவ்வளவு மரியாதை வந்துச்சு சார் அந்த நிமிஷம். சொல்லிட்டு மூணாவது வரிசையில பெத்தணனைப் பாக்குறேன். இப்ப அவன் சத்தம் போடணும். ஆம்ப்ளிஃபயரு கீய்ங்னு கத்துச்சு. பெத்தணன் குனிஞ்சுட்டான். மைக்செட்டு அவனோடதாச்சே, குனிஞ்சு ஒயரைத் திருக ஆரம்பிச்சுட்டான். திருகுறான், திருகுறான், நிமிரவே இல்ல. இன்னைக்கும் எனக்கு அந்த ஆம்ப்ளிஃபயரு மேலதான் கோவம். பெத்தணன் நல்லவன். அடுத்த அஞ்சு வருஷம் பேரூராட்சி விழாவுக்கெல்லாம் அவன் மைக்செட்டுதான் கட்டினாங்க, அது அவன் தொழில் சுத்தம்.

அந்தச் சந்துல சுருளிச்சாமி மேடைக்கு வந்தாரு. கையில மஞ்சப் பை. பையில இருந்து பச்சைச் சால்வை. என்ன பெருந்தன்மை, என்ன தியாகம்னாரு. என் வார்த்தை சார், ஒரு எழுத்து மாறல. என் தோள்ல போட்டுக் கை தட்டினாரு. குனிஞ்சு பாக்குறேன், ஓரத்துல காசு அளவுக்குத் தீஞ்ச தடம். கண்ணாயிரத்துக்குன்னு விருமாயி இஸ்திரி போடுறப்பப் பேசிக்கிட்டே தீய விட்டாளே, அதே சால்வை. அஞ்சு வருஷம் துவைச்சு மடிச்சுப் பத்திரமா வச்சிருந்திருக்காரு மனுசன். மண்டபம் தட்டுது. நானும் தட்டினேன். எல்லாரும் தட்டுறப்ப நாம சும்மா நிக்கவா முடியும்?

வக்கீலம்மா பேனாவை எடுத்து விருப்பம் இல்லைங்கிற எடத்துல டிக் போட்டுச்சு. நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். மூணுக்கு ரெண்டு பாக்கி இருக்கும்மான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. எப்பிடிச் சொல்றது? அப்புறம் முன்வரிசையில அதே அம்மா எந்திரிச்சு மில்லுக்காரரு பேரைச் சொன்னுச்சு. வக்கீலம்மா அவரைப் பாத்து, உங்களுக்கு விருப்பமான்னு கேட்டுச்சு. சுருளி கும்பிடல, குனியல. "விருப்பந்தான்"னாரு. ஒரே வார்த்தை. எங்க ஊருல அந்த வார்த்தையை அதுக்கு முன்னாடி யாரும் வாயைத் தெறந்து சொன்னதில்ல சார். பொம்பளைங்கதான் முதல்ல தட்டினாங்க.

அப்புறம் என்ன, சாப்பாடு. கேசரியை நான்தான் பரிமாறினேன். சுருளிச்சாமி எலையில ரெண்டு கரண்டி போட்டேன். கேசரி பிரமாதம்னு எல்லாரும் சொன்னாங்க. வீட்டுக்கு வந்தா விருமாயி சால்வையை வாங்கி ஓரத்தைப் பாத்தா. மடிச்சுப் பீரோவுல வச்சிட்டா. மறு வாரம் போஸ்டர் ஒட்டினாங்க, தியாகச் செம்மல் பவுன்ராசுன்னு. பெரிய எழுத்துல. பெத்தணன் அடிச்சது.

சுருளி நல்லாத்தான் செஞ்சாரு, இல்லேங்கல. தண்ணி தினமும் வருது. அஞ்சு வருஷமா மழையும் நல்லாப் பெஞ்சுச்சில்ல.

இந்தா, காபி வந்துருச்சு. எடுத்துக்கங்க. சூடா இருக்கு, ஆற விட்டுக் குடிங்க. விருமாயி, நீ ஏன் நெலப்படியிலயே நிக்கிற? உக்காரு. இல்ல, நின்னுக்கிறாளாம்.

நீங்க தங்கமான மனுசன் சார். உங்க காயிதத்துல இருக்கிறது பூரா ஊருக்கு வேணும். பட்டியல்ல போட வேற பேரும் கிடையாது, உங்களை விட்டா... உங்களை விட்டா நான்தான். அதனால உங்ககிட்ட ஒளிக்க மாட்டேன். வேற யாருகிட்டயும் இதைச் சொன்னதில்ல, அவகிட்டகூட. எனக்கு வயசு அறுபத்தேழு. போன மாசம் வரி கட்ட ஆபீசுக்குப் போனவன், தலைவர் ரூம்ல யாரும் இல்லேன்னு உள்ள போயி அந்தப் பலகை முன்னாடி நின்னேன். எட்டாவது பேருக்கு எடம் விட்டு வச்சிருக்காங்க. ஒரு சாண் இருக்கும். தடவிப் பாத்தேன் சார். கிறுக்கன் மாதிரி நின்னு தடவிப் பாத்தேன். கிளார்க் வந்து, என்னண்ணே தூசியான்னான். ஆமாப்பா, தூசின்னு துண்டால தொடச்சிட்டு வந்தேன்.

எனக்கு வேணும் சார். அந்தப் பலகையில என் பேரு வேணும். ஊருக்கு என்ன செய்வேன்னு கேட்டா எங்கிட்ட காயிதம் ஒண்ணும் இல்ல. ஆனா வேணும். இருபத்தெட்டு வருஷமா அடுத்தவன் பேரைச் சொல்லிச் சொல்லி என் பேரு எனக்கே மறந்துபோச்சு. பாருங்க, சொல்லிட்டேன். இவ்வளவுதான். சொன்னா செத்தா போயிருவோம்? கண்ணு ஏன் இப்பிடி எரியுதுன்னு தெரியல, அடுப்புப் புகையா இருக்கும். அட, எங்க வீட்டுல கேஸ் அடுப்பு.

என்ன சார்?

நீங்களே நில்லுங்கண்ணே, எனக்கு எதுக்குங்கிறீங்களா? உங்களுக்கு இவ்வளவு ஆசை இருக்கிறப்ப நான் குறுக்க வரல, எனக்கு வேணாங்கிறீங்களா?

விருமாயி. கேட்டியா? டாக்டரு சொன்னது உன் காதுல விழுந்துச்சா? அந்தப் பீரோவைத் தெற. கீழ்த்தட்டுல பச்சைச் சால்வை இருக்கும் பாரு, எடுத்துட்டு வா. என்ன முறைக்கிற, எடுத்துட்டு வான்னா. சரி, நானே எடுக்குறேன்.

எந்திரிங்க சார். டம்ளரைக் கீழ வைங்க. ஆகா, என்ன பெருந்தன்மை. என்ன தியாகம். பதவிய வேணாம்னு சொல்ற மனசு யாருக்கு வரும்? கொஞ்சம் குனியுங்க, நீங்க உசரம். ஆங், அம்சமா இருக்கு. அந்தத் தீஞ்ச தடம் தெரியாது, உள்பக்கமா மடிச்சு விட்டுட்டேன். கை தட்டு விருமாயி. தட்ட மாட்டியா? சரி, நான் தட்டுறேன்.

என்ன முணுமுணுக்கிற? இன்னொரு தடவை அவரைக் கேளுங்கங்கிறா சார். மனுசன் மரியாதைக்குச் சொல்றாரு, ரெண்டாந்தடவை கேளுங்கங்கிறா. உனக்கு அரசியல் தெரியாது, சும்மா இரு. அவரு படிச்சவரு, ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். என்ன சார்?

காயிதத்தை இங்கயே வச்சிட்டுப் போங்க. தண்ணித் தொட்டி, கக்கூசு, எல்லாம் எனக்கு ஆகும். பாத்துப் போங்க, வாசப்படி உசரம். இருங்க, காபிய அப்பிடியே வச்சிட்டீங்களே. குடிச்சிட்டுப் போறது.

வேணாமா?

சரி சார்.